கோமளம் கொத்திய உரிமம்

மலையடிக் காட்டில் கோமளம் என்றொரு மரங்கொத்தி இருந்தாள். அவளுக்கு எப்போதும் அலுப்பு. விடிந்தால் அலுப்பு, பொழுது சாய்ந்தால் அலுப்பு, கொழுத்த கரையானைக் கண்டாலும் அலுப்பு.

காரணம் அவளுடைய கெட்டிக்காரத்தனம்தான். அந்தக் காட்டில் ஐப்பசி பிறந்தால் மழை கொட்டித் தீர்க்கும். வளையில் வாழும் பிராணிகளின் குட்டிகள் தண்ணீரோடு போகும். இதைப் பார்க்கப் பொறுக்காமல் கோமளம் மூன்று வருஷம் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினாள். மரங்கொத்திக்கு எழுதுவது என்றால் கொத்துவதுதான். மரப்பட்டைத் துண்டில் வரிவரியாகத் துளை போட்டாள். அந்தப் பட்டையை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, பெட்டியை வளைக்கதவில் பொருத்தினால், துளைகள் சொன்னபடி கதவு கேட்கும். வெளியே தண்ணீர் வந்தால் மூடிக்கொள்ளும். நின்றால் திறந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் ஊறினால் அடிப்பலகையைத் தூக்கி அதை வெளியேற்றும். பெட்டியில் பன்னிரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. அந்தப் பன்னிரண்டில் இவ்வளவையும் அடக்கியது சும்மா இல்லை.

அதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு, தினமும் வாசலில் ஒரு கூட்டம். என் வளைக்குக் கொஞ்சம் மாற்றிக் கொடு என்று உடும்பு வந்தது. என் கதவு கிறீச்சிடுகிறது என்று நரி வந்தது. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் போடவேண்டும், நிரல் என்ன செய்யும்? அதையும் அவள்தான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. அலகு வலித்தது. கழுத்து வலித்தது.

பக்கத்து மரத்தில் நீலமேகம் என்ற அணில் இருந்தான். அவனும் பட்டையில் பல்லால் நிரல் கடிக்கிறவன். தோழி படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னான். நிரலைப் பொதுவில் விட்டுவிடு, வேண்டியவர்கள் எடுத்துப் பிழைத்துக்கொள்ளட்டும். ஆனால் பட்டையின் ஓரத்தில் ஓர் உரிமம் கொத்திவிடு.

உரிமத்தில் இரண்டு வகை உண்டு என்றான். ஒன்று, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எப்படியும் விற்கலாம், ஆக்கியவர் பெயர் மட்டும் இருந்தால் போதும். இன்னொன்று, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் கதவை வாங்கியவருக்கு உள்ளே இருக்கும் பட்டையைக் காட்டவேண்டும், பெட்டியைத் திறக்கவும் பட்டையை மாற்றிப் போடவும் வழி சொல்லவேண்டும்.

"கதவுக்குள்ள போற நிரல் யார் கண்ணுக்கும் தெரியாது கோமளம். யோசிச்சு எழுது" என்றான்.

அவள் யோசித்திருப்பாள். அதற்குள் தாண்டவராயன் வந்துவிட்டான். தாண்டவராயன் கீரி, கதவு வியாபாரி. நல்ல தேக்குக் கதவு செய்வான், அதைக் குறை சொல்லக்கூடாது. முதல் வகை என்றால் இன்றைக்கே எடுத்துக்கொள்வதாகவும், இரண்டாவது என்றால் தனக்குத் தோதுப்படாது என்றும் சொன்னான். பெட்டியைத் திறக்க வழி சொன்னால் நாளைக்கு ஒவ்வொரு பெருச்சாளியும் கதவுக்கடை போட்டுவிடுமாம். கண்டவர்கள் திறந்து துளையைக் கெடுத்துவிட்டுத் தன் சட்டையைப் பிடிப்பார்களாம். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் அவன்.

கோமளத்துக்குத் தலை கிறுகிறுத்தது.

"இதை வாங்கிட்டுப் போனா, இனிமே யாரும் என்கிட்ட வரமாட்டாங்கதானே?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேம்மா. நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி என்ற சொல் போதுமானதாக இருந்தது. பட்டையின் ஓரத்தில் கொத்தினாள்: 'யாரும் எடுக்கலாம். மாற்றலாம். மூடியும் வைக்கலாம். கோமளத்தின் பெயர் இருக்கட்டும். கெட்டுப்போனால் கோமளம் பொறுப்பல்ல.' நீலமேகம் வாயைத் திறந்தான். கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. அன்று மத்தியானம் அவள் நன்றாகத் தூங்கினாள்.

தாண்டவராயன் அறுபது கதவு செய்தான். தன் பெட்டியை யாரும் திறந்து பார்த்துக் காப்பியடிக்கக்கூடாது என்பது அவன் கவலை. ஆகவே பெட்டியை அரக்கு ஊற்றி மூடினான். யாராவது உடைத்தால் தாழ் இறுகிக்கொள்ளும்படி நிரலில் ஒரு வரி சேர்க்கவும் நினைத்தான். பன்னிரண்டு வரியும் நிரம்பியிருந்தது. எதையாவது எடுத்தால்தான் இடம். கடைசி வரி என்னவோ வேண்டாத வரிபோலத் தெரிந்தது. அதன் துளைகளை மெழுகால் அடைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் வரியைப் போட்டான். உள்ளே ஊறும் தண்ணீரை வெளியேற்றும் வரி அதுதான். அவனுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவன் முயலவில்லை.

ஒன்றில் மட்டும் அவன் நேர்மை தவறவில்லை. அறுபது கதவிலும் பெரிதாகச் செதுக்கினான்: 'நிரல்: கோமளம்.'

ஐப்பசி மழை வந்தது. கதவுகள் மூடிக்கொண்டன. காடே தாண்டவராயனை வாழ்த்தியது.

இரண்டாம் நாள் காலை இருளாயி என்ற முள்ளம்பன்றி சேற்றில் விழுந்து எழுந்து கோமளத்திடம் ஓடிவந்தாள். அவள் வளை பாறை இடுக்கில் இருந்தது, வேறு வாசல் கிடையாது. கிழங்கு தோண்ட வெளியே போன நேரத்தில் கதவு மூடிக்கொண்டது. பாறை விரிசல் வழியாக உள்ளே தண்ணீர் ஊறுகிறது. வெளியே போக வழியில்லை. உள்ளே இரண்டு குட்டிகள்.

"அக்கா, கதவுல உங்க பேருதான் இருக்கு. வந்து திறங்கக்கா!"

கோமளம் பதறிப் பறந்தாள். தன் நிரல் அப்படிச் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். கதவில் காதை வைத்தாள். குட்டிகள் தண்ணீரில் தத்தளிக்கும் சத்தம் கேட்டது.

இங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள், நிரல் எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கோ ஒரு துளை பிசகியிருக்கிறது, அதைத் திருத்தினால் கதவு தானே திறக்கும் என்று நினைத்தாள். கதவை விட்டுவிட்டுப் பெட்டியைக் கொத்தினாள். அரக்கு கல்லாக இறுகியிருந்தது. மழையில் நனைந்துகொண்டே கொத்தினாள். உச்சிப்பொழுதில் அரக்கு உடைந்தது. உடனே உள்ளே தாழ் சடாரென்று விழுந்து இறுகியது.

பட்டையைப் பார்த்தாள். பதினோரு வரி அவளுடையது. பன்னிரண்டாவது வரி யாருடையதோ. தாழ் விழுந்த பிறகு எந்தத் துளையைத் திருத்தியும் பயனில்லை.

நீலமேகம் தாண்டவராயனை இழுத்துக்கொண்டு வந்தான். கீரி கதவைப் பார்த்தான், கோமளத்தைப் பார்த்தான். குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

"மாத்தலாம், மூடி வைக்கலாம்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க? நான் உரிமத்தை மீறலையே. உடைச்சது நீங்க. தாழ் விழுந்தா எனக்கும் திறக்கத் தெரியாது."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கோமளம் பெட்டியை விட்டாள். கதவின் அடியில் போய் நின்று தேக்கைக் கொத்தத் தொடங்கினாள். நான்கு விரற்கடை தடிப்பு. அலகின் நுனி பிளந்து ரத்தம் வந்தது. நீலமேகம் பல்லால் கடித்தான். இருளாயி நகத்தால் பிறாண்டினாள். கீரியும் உளியை எடுத்துவந்து செதுக்கினான். சாயங்காலம் கதவில் ஓட்டை விழுந்தது. உள்ளிருந்த தண்ணீர் பீறிட்டு வெளியே ஓடியது.

ஒரு குட்டி உயிரோடு வந்தது. ஒன்று தண்ணீரோடு வந்தது.

இருளாயி அழுது ஓயும்வரை கோமளம் அங்கேயே இருந்தாள். கெட்டுப்போனால் பொறுப்பல்ல என்று கொத்திய வரி அவளுக்கு நினைவு வந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாளோ என்னவோ, "உரிமத்துல நான் எழுதினது..." என்று தொடங்கினாள்.

"நான் எந்த உரிமத்தையும் பார்க்கலக்கா" என்றாள் இருளாயி. "கதவைத்தான் பார்த்தேன்."

கோமளத்துக்கு வெட்கமாக இருந்தது. பிழைத்த குட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் தாண்டவராயனிடம் போய், கொடுத்ததைத் திருப்பித் தரும்படி கேட்டாள். கொடுத்தது கொடுத்ததுதான் என்றான் அவன். அதுவும் சரிதான். பொதுவில் விட்ட பட்டையைத் திரும்ப வாங்க முடியாது. புதுப்பட்டைக்குத்தான் புது உரிமம்.

அலகு ஆற இருபது நாள் ஆயிற்று. இருபத்தோராம் நாள் அவள் மறுபடி உட்கார்ந்தாள். நிரலைப் புதிதாகக் கொத்தி, ஓரத்தில் இரண்டாம் வகை உரிமத்தைச் சொல் விடாமல் போட்டாள். தாண்டவராயன் வந்து படித்துப் பார்த்தான். தனக்குப் பழைய பட்டையே போதும் என்றும், கடைசி வரியை மட்டும் சரி செய்துகொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அரக்கை விடுவதாக அவன் சொல்லவில்லை. புதுப்பட்டையை எடுத்தவர்கள் இரண்டு பேர்தான், இரண்டுமே சின்னப் பெருச்சாளிகள். அவர்கள் கதவு தேக்கும் அல்ல, அழகும் அல்ல. சந்தேகம் கேட்க மட்டும் தினமும் வந்தார்கள். அலுப்பு முன்னைவிட அதிகமாயிற்று. கோமளம் உட்கார்ந்து பதில் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு பெருச்சாளி இருளாயியின் வளைக்குப் புதுக்கதவு வைத்தது. கோமளமும் கூடப் போனாள். இருளாயி கதவைத் தொடாமல் தள்ளியே நின்றாள்.

"இதை நான் திறக்கலாமா?"

"திறக்கலாம். பட்டையை வெளியில எடுக்கலாம். நீயே ஒரு துளை போடலாம்."

இருளாயி பெட்டியைத் திறந்தாள். பட்டையை உருவிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு துளையும் புரியவில்லை. திரும்பச் செருகினாள். மறுபடி திறந்தாள். நான்கு முறை அப்படித் திறந்து மூடிவிட்டு, பிறகுதான் மிஞ்சிய குட்டியை உள்ளே விட்டாள்.

நம் கையை விட்டுப் போய் இன்னொன்றுக்குள் மறையப்போகும் பொருளுக்கு அலுப்பில் நிபந்தனை எழுதினால், அந்த நிபந்தனையைப் படித்தே இராதவர்தான் அதன் பலனை அனுபவிப்பார்.