டின்னுக்கு ஒரு மூடி

ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கி பதினோராம் நாள். சனிக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையில ஜெபசிங் வீட்டு வாசல்ல தபித்தா அக்கா ஆட்டோ வந்து நின்னுச்சு.

அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசு. ஆட்டோதான் பொழப்பு. கோயில் வாலிபப் பிள்ளைங்களுக்கு மனசுல எதாவது குழப்பம்னா பாஸ்டர்ட்ட போகமாட்டாங்க, இவ ஆட்டோவுலதான் ஏறுவாங்க. பாஸ்டர்ட்ட கேட்டா ஒரு மணி நேரம் பதில் வரும். இவகிட்ட கேட்டா இறங்குற இடத்துக்குள்ள வந்துரும்.

மாசக் கடைசி சனிக்கிழமை அவளுக்கு சவாரி கிடையாது. வீடு வீடா போயி கைப்பிடி அரிசி வாங்கணும். சோத்துக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து, தனி டின்னுல போட்டு வைப்பாங்க. அது கோயிலுக்கு.

ஜெபசிங்கோட அம்மா, மக பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயி மாசம் ஒண்ணாச்சு. போகும்போது ரெண்டே வேலைதான் சொல்லிட்டுப் போனா. கேஸ அணைக்கணும், கைப்பிடி அரிசி எடுக்கணும். கேஸ அணைச்சான்.

"அரிசி எங்கல?"

உள்ள போயி ரெண்டு கிலோ பாக்கெட்டக் கொண்டாந்து நீட்டினான். அக்கா அதத் திருப்பித் திருப்பிப் பாத்தா. விலைச் சீட்டு ஒட்டுன மேனிக்கே இருந்துச்சு.

"இன்னைக்கு வாங்கினதா?"

"இல்லக்கா, நேத்தே வாங்கிட்டேன்."

"ஓ. முன்யோசனைக்காரன்."

"எங்க அம்மா மாசம் பூரா எடுத்தாலும் இவ்வளவு வராதுக்கா."

"அதான் பாக்கேன். ஒரு பிடியில ரெண்டு கிலோ. எம்மா, எவ்வளவு பெரிய கைடே ஒனக்கு!"

ஜெபசிங் சிரிக்கல. சட்டைப் பையில இருந்து மடிச்ச பேப்பர் ஒண்ண எடுத்தான்.

"அக்கா, என்னைய பாஸ்டர் வீட்டுல இறக்கி விட்டுருங்க. இதக் கொடுக்கணும்."

அக்கா வாங்கி வாசிச்சா. "'தகுதியற்ற பாத்திரமாகிய அடியேன் ஞாயிறு பள்ளி ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.' அடேயப்பா. யாரு எழுதிக் கொடுத்தா?"

"நான்தான்."

"நல்லாருக்கே. என்ன ஆச்சு?"

சொன்னான். இவன் இந்த லெந்துக்குப் போட்ட திட்டம் பெருசு. காலையில அஞ்சு மணிக்கு ஒரு மணி நேரம் முட்டி போட்டு ஜெபிக்கணும். தினம் வேதத்துல பத்து அதிகாரம். காலைச் சாப்பாடு உபவாசம். நாப்பது நாளும் போனத் தொடக்கூடாது.

முதல் நாள் முட்டி போட்டு, கட்டில்ல தலைய வச்சான். தலை ஏழரைக்குத்தான் எந்திரிச்சுது. முட்டி அதுக்கப்புறமும் எந்திரிக்கல. மறுநாள்ல இருந்து அலாரத்த மட்டும் வச்சான்.

வேதம் ஓடுச்சு. எட்டாம் நாள் மோசே கூடாரத்துத் திரைக்கு முழம் அளந்தாரு. ஒம்பதாம் நாளும் அதே திரைய அளந்தாரு. பத்தாம் நாள் இவன் புஸ்தகத்தத் திறக்கவே இல்ல.

போன் கதை இன்னும் மோசம். 'நாற்பது நாள் போனைத் தொடமாட்டேன், எனக்காக ஜெபியுங்கள்'னு ஸ்டேட்டஸ் போட்டான். எத்தன பேரு பாத்தாங்கன்னு பத்து நிமிசத்துக்கு ஒருக்க எடுத்துப் பாத்தான்.

"உபவாசமாவது இருந்தியா?"

"இருந்தேன். ஆனா வேலை பாக்குற ஜெராக்ஸ் கடையில பசி தாங்கலக்கா. ஒரு பெரியவர், ஆதார் கார்டுக்கு ரெண்டு பக்கமும் எடுன்னாரு. எனக்கு ரெண்டு கைதான் இருக்குன்னு கத்திட்டேன். மனுசன் கார்டக்கூட வாங்காம போயிட்டாரு. அப்புறம் ஓடிப்போயிக் கொடுத்தேன்."

"சரி, இதுக்கா லெட்டரு?"

ஜெபசிங் தரையப் பாத்தான்.

"போன ஞாயித்துக்கிழமை கெசியா கேட்டா. மூணாங்கிளாஸ் பிள்ளை. 'சார், நீங்க தினமும் முட்டி போடுதீங்களா'ன்னு. நான் ஆமான்னுட்டேன். அவ வீட்டுல போயி, எங்க சார் போடுதாங்கன்னு சொல்லி அவங்க அப்பாவையும் முட்டி போட வச்சிருக்கா. அந்த மனுசன் கோயில் பக்கமே தலை வச்சுப் படுக்காத ஆளு. இப்போ தினமும் போடுதாராம். நாளைக்கு அந்தப் பிள்ளை மூஞ்சியில நான் எப்படிக்கா முழிக்க?"

அக்கா ஆட்டோவ அணைச்சு சாவிய எடுத்தா.

"மத்தியானச் சோறு ஆச்சா?"

"இனிமேத்தான்."

"உலைய வை."

அடுப்புல தண்ணி வச்சான். அக்கா முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா.

"அக்கா, ஒங்களுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கு? காலையில அஞ்சு மணிக்குப் பால் சவாரி. எப்போ ஜெபம் பண்ணுவீங்க?"

"சிக்னல்ல."

"வெளையாடாதீங்க."

"அறுபது செகண்டுடே. சில நேரம் தொண்ணூறு. பின்னாடி ஹாரன் அடிப்பான். ஆமென் சொல்லிட்டு கியரப் போடுவேன்."

"அதெல்லாம் ஒரு ஜெபமா?"

அக்கா தலையக் குனிஞ்சா. உலைத் தண்ணியில சின்னச் சின்னதா குமிழ் வந்துச்சு. அக்கா உதடு அசைஞ்சுது. அலுப்புல கண்ணசந்துட்டான்னு நெனச்சு ஜெபசிங் அடுப்பக் குறைச்சு வச்சான்.

அக்கா தலைய நிமித்தினா.

"தூங்கிட்டீங்களாக்கா?"

"அந்தப் பெரியவருக்கு ஒரு பிடி."

"எந்தப் பெரியவரு?"

"ஆதார் கார்டு."

ஜெபசிங் அடுப்பத் திரும்பக் கூட்டி வச்சான். இவ்வளவு நாள்ல அவரப் பத்தி வருத்தப்பட்டிருக்கான். அவருக்காக ஜெபத்துல ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணவே இல்ல.

"தண்ணி கொதிக்கி. அரிசிய அள."

பாக்கெட்ட எடுத்தான். "அக்கா, இது கோயிலுக்கு வாங்கினது."

"கோயிலுக்குக் கடையில இருந்து வாங்க எனக்குத் தெரியாதா? பிரிடே."

பிரிச்சு அளந்தான். அக்கா அலமாரியக் காட்டினா. அங்க அம்மாவோட டின்னு, பழைய பால்பவுடர் டின்னு, காலியா இருந்துச்சு. மூடி எங்க போச்சோ.

"இப்போ ஒரு பிடி."

ஜெபசிங் விரலு விரிய அள்ளினான். மாசம் பூரா விட்டத ஒரே பிடியில தூக்கிருவான் போல. விரல் இடுக்கு வழியா பாதி தரையில கொட்டிச்சு.

"நான் சொல்லல, பெரிய கைன்னு."

ஜெபசிங் கையில மிஞ்சினத டின்னுல போட்டான். சத்தம் பெருசா கேட்டுச்சு, உள்ள ஒண்ணுமே இல்லாததுனால.

அக்கா குனிஞ்சு, அந்த லெட்டர ரெண்டா மடிச்சு, தரையில கிடந்த அரிசிய அதால வழிச்சு எடுத்தா. ஊதித் தூசியத் தள்ளிட்டு டின்னுல சரிச்சா. அப்புறம் அதே பேப்பர டின்னு வாய் மேல விரிச்சு, ஓரத்த அழுத்தி, மணிக்கட்டுல கிடந்த ரப்பர் பேண்ட மாட்டினா. 'தகுதியற்ற பாத்திரம்'ங்கிற வரி சரியா நடுவுல வந்து நின்னுச்சு.

"அக்கா, அது பாஸ்டருக்குக் கொடுக்க வேண்டியது."

"கொடு. யாரு வேணாம்னா? ரப்பரக் கழட்டி எடுத்துட்டுப் போ. மூடி இல்லன்னா எறும்பு வரும், அவ்வளவுதான்."

ஜெபசிங் ரப்பர்ல கை வச்சான். கழட்டாம கைய எடுத்துட்டான். அளந்த அரிசியக் களைஞ்சு உலையில போட்டான்.

அக்கா வாசலுக்கு வந்தா. ஆட்டோவுல பதினாலு வீட்டு அரிசி இருந்துச்சு. இவன் வீட்டு அரிசி மட்டும் இல்ல. கரண்டியும் கையுமா ஜெபசிங் பின்னாடியே வந்தான்.

"கெசியாட்ட நாளைக்கு என்னக்கா சொல்ல?"

"முட்டி போட்டதச் சொல்லு. தூங்கினதச் சொல்லு. ஆமான்னு புளுகினதையும் சொல்லு."

"சொல்லிட்டு?"

"டின்னக் கொண்டுபோயி காட்டு."

"அதுல ஒரு பிடிதானக்கா கிடக்கு!"

அக்கா சாவியப் போட்டுத் திருகினா.

"ஏம்ல, ராத்திரி ஒனக்குப் பசிக்காதா? அரிசி அளக்கமாட்டியா?"