அழிக்கும் அனுமதி

என்னைத் திருடன் என்றவன் மானேஜர் ஞானவடிவேல். பனியன் கம்பெனியில் வாசல் கேமராப் பதிவுகள் சேரும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். துணிப் பண்டல்களும் பதிவுகளும் காணாமல் போகவே, எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"திருட்டுப்பயலே, இனி ஒரு பதிவு அழிஞ்சாலும் உனக்கு வேலை இல்லை!"

"யாராலயும் அழிக்க முடியாதபடி பண்ணிடட்டுங்களா?"

"பண்ணித் தொலை!"

அன்றைக்கே எல்லோருடைய அழிக்கும் அனுமதியையும் எடுத்துவிட்டேன்.

மறுநாள் முதலாளியையே கூட்டிவந்தான். "சர்வரைக் கெடுத்துட்டான் சார். நேத்துப் பதிவைத் தொட்டா அனுமதி இல்லைன்னு வருது."

"பார்த்தா வராதுங்க. அழிக்கப் போனாத்தான் வரும்."

முதலாளி அந்தப் பதிவைப் போடச் சொன்னார். ஞானவடிவேலின் காரில் பண்டல்கள் ஏறிக்கொண்டிருந்தன.

வேலை போனபோது ஞானவடிவேல் முதலாளியின் காலில் விழுந்தான். என் பக்கம் திரும்பவில்லை. இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். தினமும் அதற்கு எதிரே நின்றுதான் டீ குடிக்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை குடிப்பேன்.