கதவு லைட்டு எரியல

"ஆறு மாசமாச்சு. எனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

செல்வராணியம்மா முட்டியில துணி சுத்திட்டிருந்தாங்க. நிமிரல.

"லைட்டு எரியுதாண்ணே?"

"எரியல."

அவங்களுக்கு முப்பத்தெட்டு வயசு. எனக்கு அம்பத்தி மூணு. அவங்கதான் குரு. வயசுக்காக என்னய அண்ணேங்கறாங்க, நான் அம்மாங்கறேன். இதுக்கே என் தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான்.

மடமெல்லாம் கெடையாது. படுக்க, அடுப்பு, தண்ணி டேங்க் வச்ச ஒரு பழைய வேனு, அவ்வளவுதான். மூணு கதவு. ஒவ்வொரு கதவுச் சட்டத்துலயும் பட்டன் மாதிரி ஒரு ஸ்விட்ச்சு. கதவத் தொறந்தா பட்டன் வெளிய வரும், உள்ள லைட்டு எரியும். மூடுனா அமுங்கும், அணையும்.

மூணும் வேல செய்யல. விடியக்கால இருட்டுல படி தெரியாம அவங்க விழுந்துட்டாங்க. முட்டி கிழிஞ்சிருச்சு.

நான் பையக் கட்டிட்டேன். பத்தர மணிக்கு பஸ்ஸு.

"அதுக்குள்ள எரிஞ்சா இருக்கேன். இல்லாட்டி கெளம்பறேன். ஒரு லைட்ட எரிய வைக்கத் துப்பில்லாதவனுக்கு ஞானம் எதுக்கு?"

"சரிண்ணே."

இருங்கன்னு ஒரு வார்த்த சொல்லல.

"எத்தன ஸ்விட்ச்சு மாத்துனீங்க?"

"ஆறு. கதவுக்கு ரெண்டு தடவ. எல்லாமே புதுசு."

"எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எத்தன பேருகிட்ட இருந்தீங்க?"

"நாலு பேரு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா கேட்டேன்."

கோர்ட்டுல இருபது வருஷம் வாதாடுன வாயி இது. இவங்ககிட்ட மட்டும் கேஸு நிக்கவே மாட்டேங்குது.

நொண்டிக்கிட்டே எந்திரிச்சு வந்தாங்க.

"பல்பு?"

"நல்லாருக்கு."

"வயரு?"

"பாத்துட்டேன். கரண்ட் வருது. என்ன, என்னய குறுக்கு விசாரண பண்றீங்களா?"

"எப்பலேர்ந்து எரியல?"

"பங்குனிலேர்ந்து."

"பங்குனில என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உங்க வண்டிக்கு பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேன்."

அதுலயும் எனக்கு ஆத்தாமதான். துருப்புடிச்ச தகர டப்பா மாதிரி இருந்த வண்டி. பத்தொம்பது நாளு வெயில்ல நின்னு தேச்சு, பட்டி பாத்து, நீலம் அடிச்சேன். ஸ்விட்ச்சக் கழட்டி, திருகாணி ஓட்டைக்குள்ளகூட பிரஷ்ஷ விட்டேன். ஒரு கீறல் கெடையாது. கண்ணாடி மாதிரி முகம் தெரியும். நல்லாருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் அவங்க சொல்லல.

"இந்த ஸ்விட்ச்சுக்கு எத்தன வயருண்ணே?"

"ஒண்ணு."

"போறதுக்கு ஒண்ணு. திரும்பறதுக்கு?"

"வண்டியோட இரும்பு வழியா. இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"தெரியுமே." சட்டத்த நகத்தால ரெண்டு தட்டு தட்டுனாங்க. "இது இரும்பாண்ணே?"

நானும் தட்டிப் பாத்தேன். நகத்துல பட்டது இரும்பில்ல, நான் அடிச்ச பெயிண்ட்டு.

ஸ்குரூ டிரைவர எடுத்தாங்க. ஸ்விட்ச்சக் கழட்டுனாங்க. ஓட்டயச் சுத்தி முனைய வச்சாங்க.

கையப் புடிச்சுட்டேன்.

"பத்தொம்பது நாளும்மா."

"தெரியும்."

"அத நாசம் பண்ணப் போறீங்க."

அவங்க கைய இழுக்கல. நானா விடற வரைக்கும் அப்படியே நின்னாங்க. முட்டித் துணியில ரத்தம் ஊறிட்டிருந்துச்சு.

விட்டேன்.

சுரண்டுனாங்க. நீலம் சுருள் சுருளா உதிர்ந்துச்சு. அதுக்குக் கீழ பட்டி. ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்குப் பல்லு கூசுச்சு. அசிங்கமா, கோணலா, ஒரு பழைய வெள்ளி நெறம் வெளிய வந்துச்சு.

கழட்டுன அதே ஸ்விட்ச்ச அங்க வச்சு முடுக்குனாங்க.

லைட்டு எரிஞ்சுது.

பட்டப்பகல்ல பெருசா ஒண்ணும் தெரியல. மஞ்சளா, சோர்ந்துபோயி எரிஞ்சுது. ஆனா எரிஞ்சுது.

பத்தர மணி பஸ்ஸு ரோட்டுல வந்து ஹாரன் அடிச்சுது. கண்டக்டரு என் பையப் பாத்துட்டு, "ஏறுறீங்களா, இல்லயா?"ன்னாரு.

அவங்க ஸ்குரூ டிரைவர நீட்டுனாங்க.

"இன்னும் ரெண்டு கதவு இருக்குண்ணே."

பஸ்ஸு கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் போயிடுச்சு.

பளபளன்னு இருந்த அடுத்த சட்டத்துல என் மூஞ்சி தெரிஞ்சுது. முனைய அதுமேல வச்சேன்.

"எவ்வளவு சுரண்டணும்?"

"இரும்பு தெரியற வரைக்கும்."