முதல் தட்டு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யைக்கு நாற்பத்துநான்கு. குரு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள். சிஷ்யை இரண்டு பட்டம் வாங்கியவள். என்ன, தலைகீழாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். சிஷ்யையும் முதலில் அப்படித்தான் சுளித்தாள்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பவள் பவளம். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே அண்டா. ஒரு நாள் ரவை கிச்சடி, ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் கோதுமை ரவை உப்புமா. எதுவானாலும் கூடவே காய் போட்ட சாம்பார். எட்டேகாலுக்குப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காரும்போது சாப்பாடு ஆவி பறக்க வந்து நிற்கும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் தமயந்தி. பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முறை. அந்தப் பொறுப்பு அவளுடையது. கரண்டி நுனியில் துளி எடுத்து நாக்கில் வைப்பாள். தலையை ஆட்டுவாள். கையெழுத்துப் போடுவாள். நான்கு வருஷமாக அவள் வயிற்றுக்கு அந்தச் சாப்பாடு போய்ச் சேர்ந்ததே இல்லை.

பவளத்திடம் அவளுக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. அண்டாவைத் திறந்ததும் பவளம் முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொள்வாள். ஒன்றாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில் அதை வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். பிறகு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வெட்கமும் இல்லாமல், சாம்பாரைப் பிசைந்து வழித்துச் சாப்பிடுவாள்.

என்ன பொம்பளை இவள் என்று தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். சமைக்கிறவள் கடைசியில் அல்லவா சாப்பிட வேண்டும்? தலைமை ஆசிரியரிடம்கூடச் சொல்லிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டுத் தட்டும் சுத்தமாகக் காலியாகிறது, வேறென்ன வேண்டும் என்று அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி தமயந்தி வீட்டுக் காலையைச் சொல்ல வேண்டும். அது காலை இல்லை, போர்க்களம். கணவர் குணசீலன் அரசுப் பேருந்தில் கண்டக்டர், அவருக்குத் தோசை. மகன் கவினுக்கு நூடுல்ஸ். எட்டாவது படிக்கும் மகள் தாரணிக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி. மூன்று பேருக்கு மூன்று அடுப்பு வேலை. தமயந்தி பம்பரமாகச் சுற்றுவாள். தனக்கென்று அரை டம்ளர் காப்பி, அதுவும் அடுப்படியில் நின்றபடியே. "நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்பாள். அந்த அப்புறம் என்றைக்குமே வந்ததில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

தாரணிக்கு வைத்த ரொட்டி தெருநாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அது தெரிய வந்ததே ஒரு திங்கட்கிழமைதான். காலை வழிபாட்டு நேரத்தில், தன் பள்ளி மைதானத்தில், தாரணி வேரறுந்த வாழை மாதிரிச் சாய்ந்தாள்.

ரத்தம் குறைவு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். காலையில் சாப்பிட்டபிறகு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்றார். அதைவிடப் பெரிய இடி விளையாட்டு ஆசிரியையிடமிருந்து வந்தது. தாரணி பள்ளியின் கபடி அணியில் இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கனவு கண்ட மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

"இன்னொரு தடவை விழுந்தா, அணியிலேருந்து பேரை எடுத்துடுவேங்க" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். "பிள்ளை உசுரு முக்கியம்."

அன்று முழுக்கத் தாரணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறுநாள் பள்ளியில் தமயந்தி கையெழுத்துப் போட்ட பேனாவை மூடாமலே நின்றாள். ஒவ்வொன்றாகக் காலியாகும் தட்டுகளைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. தன் வீட்டில் ஒரே ஒரு தட்டைக் காலியாக்கத் தெரியாத தன்னை நினைத்தாள். கௌரவத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"பவளம், எம் பொண்ணு காலையில சாப்பிட மாட்டேங்கறா. என்ன செஞ்சா சாப்பிடுவா?"

பவளம் ஒரு தட்டை எடுத்தாள். இரண்டு கரண்டி கிச்சடி போட்டாள். ஒன்றாம் வகுப்பு வரிசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"உக்காருங்க டீச்சர்."

"எனக்கு வேண்டாம்மா. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். நீ செய்முறையைச் சொல்லு."

பவளம் சொன்னாள். ரவையை ஞாயிற்றுக்கிழமையே வறுத்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். கேரட்டும் பீன்ஸும் முந்தின சாயங்காலமே நறுக்கி வைக்க வேண்டும். ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர். இறக்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டும். தமயந்தி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், அளவுக்கு அடிக்கோடு வேறு.

கிச்சடி அருமையாகத்தான் வந்தது. தாரணி இரண்டு வாய் அள்ளிவிட்டு, நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பொங்கல் செய்தாள். பாசிப்பயறு அடை செய்தாள். அவித்த முட்டையைப் பூ மாதிரி வெட்டி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி போய் நின்றாள்.

"சாப்பிடலை, பவளம்."

பவளம் தட்டை எடுத்தாள். பொங்கல் போட்டாள். அதே இடத்தில் வைத்தாள்.

"உக்காருங்க டீச்சர்."

"இன்னைக்கு விரதம்மா. நீ வேற வழி சொல்லு."

வீட்டில் காலையில் என்னென்ன செய்வீர்கள் என்று பவளம் கேட்டாள். தோசை, நூடுல்ஸ், ரொட்டி என்று தமயந்தி அடுக்கினாள். பவளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வீடா டீச்சர், ஓட்டலா? நான் ஒவ்வொண்ணையும் என்ன வேணும்னு கேட்டா, மத்தியானம்கூட முடியாது. ஒண்ணு செய்யுங்க. எல்லாருக்கும் அதுதான்."

தமயந்தி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரே சமையல். குணசீலன் முதல் நாள் முணுமுணுத்தார், இரண்டாம் நாள் சாம்பார் கேட்டார். கவின் ஒரு நாள் அழுதான், பிறகு மறந்துவிட்டான். அடுப்படி வேலை பாதியாகக் குறைந்து, காலையில் முழுசாகக் கால்மணி நேரம் மிச்சமானது. அந்தக் கால்மணியில் தமயந்தி என்ன செய்தாள் தெரியுமா? துணி மடித்தாள்.

தாரணி மட்டும் அசையவில்லை. தட்டோடு பின்னாலேயே ஓடி, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று தமயந்தி கெஞ்சினாள்.

"எனக்குப் பசிக்கலைம்மா" என்றாள் தாரணி. "உனக்கும்தான் பசிக்கறதே இல்லையே."

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். அன்று வழிபாட்டு நேரத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. விளையாட்டு ஆசிரியை அதைப் பார்க்கவில்லை, அது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். போட்டிக்கு இன்னும் இரண்டரை வாரம்.

அடுத்த நாள் தமயந்தி பள்ளிக்கு வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. ராத்திரி சரியான தூக்கமில்லை, காலையில் அந்த அரை டம்ளர் காப்பிகூட இல்லை. நேராகத் தாழ்வாரத்துக்குப் போய், ஒன்றாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பவளம் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். கோதுமை ரவை உப்புமா. மேலே சாம்பார்.

தமயந்தி எரிச்சலில்தான் கையை வைத்தாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாய்க்குக் கை தானாகவே போனது. அப்புறம் அவளுக்குப் பள்ளி நினைவில்லை, பதிவேடு நினைவில்லை. நாலு வருஷப் பசி, சாமி! முருங்கைக்காயைக் கடித்து உறிஞ்சினாள். விரலை வழித்தாள். "இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். புதிதாகச் சேர்ந்தவள், பெயர் மகிழ்மொழி. நான்கு நாளாக வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வைத்த தட்டை வைத்தபடியே திருப்பிக் கொடுத்த பிள்ளை. டீச்சர்கள் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துவிட்டார்கள். இப்போது அது கண்ணை அகல விரித்துத் தமயந்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தன் தட்டிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்தது. தமயந்தி கடித்த மாதிரியே கடித்தது. உறிஞ்சியது. அடுத்ததாக உப்புமாவில் கையை விட்டது.

தமயந்தி பவளத்தை நிமிர்ந்து பார்த்தாள். பவளம் இரண்டாவது கரண்டியைப் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்று தமயந்தி நோட்டைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. தமயந்தி அடுப்பை அணைத்தாள். கூடத்தின் நடுவில் பாயை விரித்தாள். பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

தலை பின்னிக்கொண்டே வந்த தாரணி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, உக்காந்துட்டே?"

"பசிக்குது."

தாரணி பாதிப் பின்னலோடு அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. தேங்காய்ச் சட்னியைத் தொட்டு, கண்ணை மூடி, ரசித்து மெல்லுகிற அம்மா அவளுக்குப் புதிது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆனால் வழக்கத்தைவிட ஐந்து நிமிஷம் பிந்திப் புறப்பட்டாள்.

இரண்டாம் நாள் குணசீலனும் கவினும் பாயில் உட்கார்ந்தார்கள். தாரணி சுவரோரம் நின்று, அம்மா தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மூன்றாம் நாள் தமயந்திக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. தாரணி தானாகவே தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். "சட்னியை மொத்தமா நீயே காலி பண்ணாத" என்று அம்மாவை அதட்டினாள்.

அதன்பிறகு மாத்திரை குமட்டவில்லை. வழிபாட்டு நேரத்தில் கண் இருட்டவில்லை. மாலைப் பயிற்சியில் தாரணியின் மூச்சு நீண்டுகொண்டே போவதை விளையாட்டு ஆசிரியை கவனித்தாள். போட்டிக்கான பட்டியலில் பெயரை எழுதினாள்.

மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் எதிரணி ஒரு புள்ளி முன்னால் நின்றது. தாரணி பாடிக்கொண்டு உள்ளே போனாள். ஒருத்தியைத் தொட்டாள். இன்னொருத்தி அவள் காலைக் கட்டிக்கொண்டாள், மூன்றாவது ஒருத்தி முதுகில் விழுந்தாள். தாரணி பாட்டை விடவில்லை. இருவரையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்து, மூச்சு அறுவதற்குள் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள்.

வாழ்நாளில் சத்தம் போட்டு அறியாத தமயந்தி போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கைப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மைதானத்துக்குள் ஓடி, புழுதியும் வேர்வையுமாக இருந்த மகளைக் கட்டிக்கொண்டாள். தோழிகள் தாரணியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலே இருந்தபடியே அவள் அம்மாவைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, பசிக்குது!"

கோப்பையைவிட அந்த வார்த்தைதான் தமயந்திக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பள்ளித் தாழ்வாரத்தில் ஆசிரியர்கள் ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். அப்படி என்ன சமைத்துப் போட்டீர்கள் என்று ஒருத்தி செய்முறை கேட்டாள். தமயந்தி சிரித்து மழுப்பிவிட்டு, ஒன்றாம் வகுப்பு வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் மகிழ்மொழி இரண்டாவது தடவைக்காகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். பவளம் பொங்கலோடு வந்து, தன் தட்டையும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தட்டு காலியானபிறகுதான் தமயந்தி பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் செல்லக் கோபத்தோடு கேட்டாள்.

"ஏன் பவளம், முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? எம் பொண்ணு ரெண்டு வாரம் முந்தியே சாப்பிட்டிருப்பாளே."

பவளம் தட்டோரத்தில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருப்பீங்க, டீச்சர்."