ரம்ப ஈயின் மகள்

“அம்மா இல்லாம பொறந்த உயிர்னு ஏதாவது உண்டா, மேடம்?”

பவுலின்தான் கேட்டாள்.

மெஹர்பானு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்பா இல்லாம பொறந்தது உண்டு. உங்க கூண்டுல பறக்குற ரம்ப ஈயில ஆண் எல்லாமே அப்படித்தான். விந்து சேராத முட்டையிலிருந்து வந்தது.”

“அம்மா இல்லாதது?”

“கிடையாது.”

பவுலினுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குரு மெஹர்பானு அவளைவிட ஆறேழு வயது இளையவர். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவை மேடம் என்பாள். கோத்தகிரிக்கு மேலே, முள்ளங்கித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பூச்சி ஆய்வகம்.

கைக்குழந்தையாக ஒரு கன்னியர் மடத்து வாசலில் கிடந்தவள் பவுலின். பெயர் வைத்தது அங்கிருந்த ஒரு சிஸ்டர். சோறு கிடைத்தது, படிப்பு கிடைத்தது, கல்லூரியில் வேலையும் கிடைத்தது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் எதிரே உட்கார்ந்திருக்கும் வயதான பெண்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. தன்னுடைய அகன்ற நெற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய முன்பல், வேறு யாருக்காவது இருக்கிறதா?

சிலர் முறைப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இறங்கிப் போனவளை நினைத்து அன்று முழுக்க ஏங்கிக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை கல்லூரிக்குப் பேச வந்த மெஹர்பானு சொன்னார்: உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் டி.என்.ஏ. எழுத்துகளால் ஆன ஒரு சின்ன மரபு வளையம் தனியாக உண்டு. அது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும்.

பவுலின் வேலையை உதறிவிட்டு மலையேறினாள்.

ரம்ப ஈ குளவிக்குச் சொந்தம். இடுப்பு மட்டும் ஒடுங்கியிருக்காது. பெண்ணுக்கு வால் நுனியில் ரம்பம்போல ஒன்று உண்டு. அதை வைத்து இலை ஓரத்தை அறுத்து, உள்ளே முட்டையைச் செருகும். அந்த ஈக்களின் மரபு வளையத்தை எழுத்தெழுத்தாக வாசிப்பதுதான் பவுலினுக்குக் கொடுத்த வேலை. வாசித்தாள். மனசு ஈயில் இல்லை.

இன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

“என்னோடதை வாசிச்சா, எங்க அம்மா யாருன்னு தெரியுமா?”

“பேர் தெரியாது, அக்கா. ஊர் தெரியாது. இருக்காங்களான்னும் தெரியாது.”

“உலகத்துல இதுவரைக்கும் வாசிச்ச எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பார்த்தா?”

“எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடி பிரிஞ்ச சொந்தம்கூட அதே வளையத்தோட வந்து நிக்கும். அதுல அம்மாவை எப்படிப் பொறுக்கி எடுப்பீங்க?”

பவுலின் எழுந்தாள். பிறகு மேசையில் இருந்த தன் பொருட்களைப் பைக்குள் போடத் தொடங்கினாள்.

“அப்ப நான் எதுக்கு இங்க வந்தேன்? கிளம்புறேன், மேடம்.”

குரு தடுக்கவில்லை. உள்ளே போய் இரண்டு குப்பிகளோடு வந்தார். இரண்டிலும் ஸ்பிரிட். ஒவ்வொன்றிலும் ஓர் ஈ.

“இதை முடிச்சுட்டுப் போங்க. ஒண்ணு முட்டையிட்டுட்டுச் செத்துப்போச்சு. இன்னொண்ணு அந்த முட்டையிலிருந்து வந்தது. பேர்ச்சீட்டு ஒட்டலை. வளையத்தை மட்டும் வாசிச்சு, எது அம்மான்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டா என்னோடதையும் வாசிப்பீங்களா?”

குரு தலையசைத்தார்.

பவுலின் பையை இறக்கி வைத்தாள்.

இரண்டு ஈக்களிலிருந்தும் ஒவ்வொரு காலைப் பிய்த்தெடுத்துக் கரைத்து, கருவியில் வாசிக்கக் கொடுத்தாள். முதல் தடவை வந்ததை நம்பவில்லை. மறுபடி செய்தாள். பதினைந்தாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, விரல் வைத்து ஓட்டினாள். அம்மா என்றால் எங்காவது ஓர் எழுத்தாவது பழசாக, தேய்ந்து இருக்காதா என்று தேடினாள். மழை பிடித்துக்கொண்டது. தோட்டங்களில் முள்ளங்கி பிடுங்கி முடித்து, மறுபடி விதைத்தார்கள். அவள் பஸ் ஏறவே இல்லை.

ஒரு முற்பகலில் வந்து குருவின் முன்னால் நின்றாள்.

“முடியலை, மேடம்.”

“என்ன தெரியுது?”

“ரெண்டுலயும் ஒரே எழுத்து. முதல்லேர்ந்து கடைசிவரைக்கும். ஒரு இடத்துலகூட மாறலை. ஒரே ஈயை ரெண்டாப் பிச்சுக் குடுத்துட்டீங்களோன்னுகூட நினைச்சேன். போய் இறக்கையை எல்லாம் எண்ணிப் பார்த்தேன்.”

மெஹர்பானு சிரிக்கவில்லை.

“அம்மாவைத் தனியாப் பிரிச்சுக் காட்ட முடியலையா?”

“இல்லை.” பவுலின் இரண்டு குப்பிகளையும் மேசையில் வைத்தாள். “தோத்துட்டேன்.”

குரு எழுந்து போய், உறையைக் கிழித்து ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்தார்.

“வாயைத் திறங்க, அக்கா.”

பவுலின் திறந்தாள். கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்து எடுத்து, குச்சியின் நுனியை ஒடித்துக் குப்பியில் போட்டு மூடினார் குரு. குப்பியையும் பேனாவையும் அவளிடமே நீட்டினார்.

“யாரோடதுன்னு எழுதுங்க.”

பவுலின் தன் பெயரை எழுதப் போனாள். பேனா நின்றுவிட்டது.

குப்பியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே ஈரமான ஒரு துளிப் பஞ்சு. வேறொன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நிதானமாக எழுதினாள்.

‘அம்மா.’