உள்ளங்கையில் இருந்த சாட்சி

எந்தக் காலமோ, கொற்றலூர்ச் சீமையைக் கோதண்டசிங்கன் என்றொரு ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவன் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. ஓதுகிற வேலையைப் பிரதானி பூவராகன் வேறு யாருக்கும் விட்டுக் கொடுத்ததே இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தப் பூவராகன் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு கிணறு வெட்டினான். மூன்று பனை ஆழம். அதற்கு 'ராசகங்கை' என்று பெயரும், தனக்குப் 'பாதாள பகீரதன்' என்று பட்டமும் வாங்கிக்கொண்டான். "ஆற்றுத் தண்ணீர் ஊர்ச்சனத்துக்கு. அரண்மனைக்கு இனி ராசகங்கைதான்" என்று சட்டமும் போட்டான். அரண்மனை நெல் விளைவது அந்தக் கிணற்றுத் தண்ணீரில், உலை வைப்பதும் அந்தத் தண்ணீரில். சத்துப் போய்விடுமாம், கஞ்சியைக்கூட வடிக்கக் கூடாதாம்!

"ஐயா, இந்தத் தண்ணீர் வாயில் வைத்தால் துரு மாதிரி இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் உலை வைத்து வடித்துவிடட்டுமா?" என்று கேட்டவள் மடைப்பள்ளிச் சமையற்காரி அரியநாச்சி ஒருத்திதான். கேட்ட அன்றைக்கே பூவராகன் மனசில் கறுவிக்கொண்டான்.

இப்படி இருக்கையில் ராசாவின் உள்ளங்கையில் தோல் தடித்து, மிளகு மிளகாக முண்டு விட்டது. கறும்புள்ளியும் விழுந்தது. அரண்மனை வைத்தியர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பாஷாணம், மகாராசா. ஒரே நாளில் ஆளைச் சாய்க்கிற அளவு இல்லை. வருஷக்கணக்காகத் துளித்துளியாய் உள்ளே போயிருக்கிறது."

"துளித்துளியாய்ச் சோறு போட்டவள் யார்? அரியநாச்சி!" என்று குதித்தான் பூவராகன். "யானைக் காலில் இடறச் சொல்லுங்கள்!"

ராசாவும் சரியென்றுவிட்டார். ஐந்து வருஷம் அவள் கைச்சோறு தின்றவர், ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் ஆத்திரம் வருகிறது.

அரியநாச்சியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். சபையில் அத்தனை பேரும் நெஞ்சுக்கு நேரே கைகூப்பி நிற்கிறார்கள். அவள் மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

"ஏய், மகாராசாவைக் கும்பிடு!" என்று அதட்டினான் பூவராகன்.

"மாட்டேன்" என்றாள். "செய்யாத குற்றத்துக்குச் சாகப்போகிறவள் எதற்குக் கும்பிட வேண்டும்?" என்று சொல்லி இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். ராசாவுக்கு இருந்த அதே முண்டு, அதே புள்ளி. "உங்கள் தட்டுக்குப் போகும் முன்னே ஒவ்வொரு பருக்கையையும் ருசி பார்த்தவள் நான். விஷம் வைத்தவள் அதைத் தானே தின்பாளா?"

"நடிப்பு! சந்தேகம் வரக் கூடாதென்று தின்றிருப்பாள்" என்றான் பூவராகன்.

"அப்படியா? மகாராசா, சாகப்போகிறவளுக்கு ஒரே ஒரு ஆசை. சபையில் உள்ள அத்தனை பேருக்கும் உங்கள் கையாலே தாம்பூலம் கொடுங்கள்."

ராசா கையால் வெற்றிலை என்றால் சும்மாவா! முந்தியடித்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் தாம்பூலம் வாங்க இரண்டு உள்ளங்கையையும் ஏந்த வேண்டுமே! தளபதி ஏந்தினார், புள்ளி. புரோகிதர் ஏந்தினார், முண்டு. புலவர் சால்வையோடு சேர்த்து ஏந்தப் பார்த்தார். ராசா சால்வையை விலக்கினார், புள்ளியும் முண்டும். அரண்மனைச் சோறு தின்ற எல்லாருக்கும் இருந்தது. குஷ்டம் என்று ஊர் ஒதுக்கிவிடுமே என்ற பயத்தில் ஆளாளுக்குக் கூப்பிய கைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள், கோழைகள்.

கடைசியாகப் பூவராகன் வந்தான். கழுவிவைத்த கிண்ணி போலப் பளிச்சென்ற கை. "பார்த்தீர்களா மகாராசா, மாசில்லாத கை!" என்று நாலு பக்கமும் காட்டினான்.

"நானும் பார்த்தேன்" என்றாள் அரியநாச்சி. "வைத்தியரே, பாஷாணத்தை மனுஷன்தான் வைக்க வேண்டுமா?"

"இல்லையம்மா. மனுஷன் கூட்டிச் செய்கிற வைப்புப் பாஷாணமும் உண்டு, பிறவிப் பாஷாணமும் உண்டு. பிறவிப் பாஷாணம் பூமிக்குள் ஆழத்திலே தானாகவே கிடக்கும்" என்றார் வைத்தியர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பிரதானி ஐயா, நீங்கள் ராசகங்கைத் தண்ணீர்தானே குடிக்கிறீர்கள்?" என்று கேட்டாள் அரியநாச்சி.

"தினமும்! அமுதம்!"

"அப்படியென்றால் விடிகாலையில் ஆற்றங்கரையிலிருந்து உங்கள் வீட்டுக்கு மூடுபல்லக்கு ஒன்று வருகிறதே, அதற்குள் இருக்கிற அம்மா யார்?"

சபை கொல்லென்று சிரித்தது. பல்லக்கில் இருந்தது அம்மாவும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. மூன்று குடம் ஆற்றுத் தண்ணீர்.

"சரி, அதை விடுங்கள். மகாராசா, என்னை யானைக்கே போடுங்கள். ஆனால் நாளையிலிருந்து ருசி பார்க்க ஆள் வேண்டுமே? ராசகங்கை நெல், ராசகங்கைத் தண்ணீர், வடிக்காத சோறு. அந்த அமுதத்தைப் பிரதானி ஐயாவே தின்று பார்க்கட்டும்."

பூவராகன் தொப்பென்று விழுந்தான். "ஐயோ, வேண்டாம்! முதல் வாரமே வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிட்டேன்! விஷமென்று சத்தியமாகத் தெரியாது. சொன்னால் பட்டம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்!"

"உன் பட்டத்துக்கு நாங்கள் ஐந்து வருஷம் விஷம் தின்றோமா?" என்று ராசா எழுந்தார். பட்டம் அங்கேயே பறிபோனது. கிணற்றைக் கல் வைத்து மூடினார்கள். அரண்மனைக்குத் தினமும் ஆற்றுத் தண்ணீரைக் காவடியில் சுமக்கும் வேலை பூவராகனுக்கு. பல்லக்குக் கிடையாது.

"அரியநாச்சி, என்ன வேண்டும் கேள்" என்றார் ராசா.

"ஆற்றங்கரை நெல், தாராளமாய் உலைநீர், வடிக்க ஒரு தட்டு. என் மடைப்பள்ளியில் யாரும் தலையிடக் கூடாது. அப்புறம், மகாராசா, என்னைக் கொல்லச் சொன்னீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

ராசா கீழே இறங்கி வந்தார். புள்ளி விழுந்த இரண்டு கையையும் அவள் முன்னால் விரித்து நின்றார்.

அந்தப் புள்ளிகள் ராசாவுக்கும் முழுசாக மறையவில்லை, அவளுக்கும் மறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து கொற்றலூர்ச் சபையில் யாரும் கைகூப்பியதில்லை. ராசாவைக் கண்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவதுதான் அங்கே வணக்கம்.