புதுக் கேமுக்கு இருபது நிமிடம்

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. வார்ப்பட ஆலைத் தொழிற்சங்கத்தில் முப்பத்தோர் ஆண்டுகளாகச் செயலாளர். மூன்று கதவடைப்பு, இரண்டு சிறை, ஒரு துரோகம். துரோகத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. மறந்ததும் இல்லை.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பதவி அவரிடமே இருந்தது. பகலை ஓட்டுவதற்காக அம்பத்தூரில் ஜெபசீலியின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டார். அவளுக்கு நாற்பது வயது. அவர் அவளை “வாத்தியாரம்மா” என்பார். அவள் அவரை “தோழரே” என்பாள், பாதி மரியாதையும் பாதி கேலியுமாக.

அன்று சங்கத்தின் வண்டியையே பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆலை வாசல்களுக்குத் துண்டறிக்கை சுமந்த வண்டி. அதன் இன்ஜினுக்குள் சுழன்று வால்வுகளை இயக்குகிற கேம் தேய்ந்துவிட்டது. ஜெபசீலி புதுக் கேமுக்கு எண்ணெய் தடவினாள். கேமின் மேல் உரசி, ஏறி இறங்கி, வால்வைத் திறக்கிற பழைய டேப்பட்கள் இரண்டையும் மாசிலாமணி துடைத்துக்கொண்டிருந்தார்.

“இதை மாத்த வேணாம், வாத்தியாரம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு.”

“அதான் கோளாறு.”

இரண்டு புது டேப்பட்களை எடுத்து முகத்தோடு முகம் வைத்தாள். மேலே இருந்தது லேசாக ஆடியது. பழையவற்றையும் அப்படியே வைத்தாள். ஆடவில்லை.

“புதுசுக்கு முகம் கொஞ்சம் குவிஞ்சிருக்கும். அதனால உரசும்போது தானும் சுத்தும். இது தட்டையாயிடுச்சு. சுத்தறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.”

“இத்தனை வருஷமா வால்வைத் திறந்தது இதுதானே?”

“யார் இல்லேன்னது? அந்தக் கேமோட சேர்ந்து தேஞ்சது. புதுக் கேம்ல போட்டா, அதையும் தன்னை மாதிரி ஆக்கிடும்.”

மாசிலாமணி துணியை மடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“நாளைக்குப் பொதுக்குழு. சங்கத்துக்குப் புது நிர்வாகம் வருது. எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளிங்க. ஒரு லத்தியைக்கூட கிட்டப் பார்க்காதவங்க. நான் நிரந்தரத் தலைவரா இருக்கணும்னு தீர்மானம்.”

“யார் எழுதினது?”

“நான்தான்.”

“யார் யார் கையெழுத்துப் போட்டிருக்காங்க?”

“இன்னும் யாரும் போடல.”

அவள் சிரிக்கவில்லை. அவர் தாளை மடித்து உள்ளே வைத்தார்.

“நான் விலகினா சங்கம் நிக்குமா, வாத்தியாரம்மா?”

“ஸ்பானரை எடுங்க. முதல்ல பிரிச்ச வண்டியைப் பூட்டுவோம்.”

மாலைக்குள் பூட்டிவிட்டார்கள். மாசிலாமணி உதைத்தார். இன்ஜின் பிடித்தது. அவர் உடனே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினார். ஜெபசீலி அவர் கையைப் பிடித்துத் திரும்ப முறுக்கினாள்.

“புதுசாச்சே! மெதுவா ஓடட்டுமே.”

“மெதுவா ஓடினாத்தான் புதுசு கெடும். வேகம் இருந்தாத்தான் எண்ணெய் தெறிச்சு கேம் மேல விழும். இருபது நிமிஷம் இறக்கக் கூடாது.”

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். தடியடியில் முறிந்து கோணலாகக் கூடிய மணிக்கட்டு. பத்தாவது நிமிடத்தில் வலிக்கத் தொடங்கியது.

“நீங்க கொஞ்சம் பிடிங்களேன்.”

“உங்க சங்கத்து வண்டி, தோழரே.”

பல்லைக் கடித்துக்கொண்டார். புகை அடர்ந்தது. சத்தத்துக்கு மேலே கத்தினார்.

“இருபது ஆனதும்?”

“கையை எடுத்துடணும்.”

“நின்னுபோச்சுன்னா?”

“நின்னாலும் நிக்கும்.”

“எடுக்காமலே பிடிச்சிருந்தா?”

“தாராளமா பிடிச்சிருங்க. அது தானா ஓடுமான்னு மட்டும் உங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது.”

ஜெபசீலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இருபது ஆச்சு.”